விதான சௌதாவின் வாசகம்

பெங்களூர் வரும் நம் அங்கத்தினர்கள் விதான சௌதா முன் படமெடுத்துக்கொள்ளத் தவறுவதில்லை. முகப்பில் கன்னடத்தில் பொறித்திருப்பதைக் கவனிப்பவர் சிலரே: 'அரசாங்க வேலை தேவர் வேலை.'

1951 ஜூலை 13-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1952-ல் முதல்வரான கெங்கல் ஹனுமந்தையா, பழைய வரைபடத்தை மாற்றி, திராவிடக் கோயில் பாணியில் பெரிதாக்கினார். 1956-ல் கட்டடம் முடிந்தது.

மதச்சார்பற்ற அரசின் நெற்றியில் கடவுள் பெயரா என்று கேட்பவர்கள் உண்டு. எந்தக் கடவுள் என்று அதில் இல்லையே! நடு விமானத்தின் உச்சியிலும் கலசமில்லை; அசோகர் சாரநாத்தில் நிறுத்திய பௌத்தத் தூணின் சிங்கங்கள். என் அபிப்பிராயத்தில், அவ்வாசகம் குடிமகனை எந்தச் சன்னிதியிலும் கும்பிடச் சொல்லவில்லை. உள்ளே ஃபைலைத் தள்ளிப்போடும் குமாஸ்தாவைத்தான் கேட்கிறது. அவர் நாத்திகராயிருந்தால் சற்று உறுத்தும், அது வாஸ்தவம்தான்.