பாதி பாதியாகத் தேடிய கதை

தொடக்கநிலை நிரலாக்கத்தில் அடிக்கடி வரும் கணக்கு இது. மூன்று வரிசை, நான்கு நெடுவரிசை கொண்ட அணி:

4, 9, 13, 18
22, 27, 31, 36
40, 45, 52, 58

இதில் 45 இருக்கிறதா? ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனால் பத்தாவது முறையில்தான் கிடைக்கும். ஆனால் எண்கள் ஏறுவரிசையில் உள்ளன. அணியை 0 முதல் 11 வரை எண்ணிட்ட ஒரே நீண்ட பட்டியலாக நினைத்துக்கொண்டால் போதும். இட எண்ணை 4ஆல் வகுத்தால் ஈவு வரிசையையும் மீதி நெடுவரிசையையும் காட்டும். இரண்டையும் 0இலிருந்து எண்ண வேண்டும். நடு எண்ணைப் பார்த்துப் பாதியை விலக்குவதே இருமத் தேடல். 27, 40, 52, 45 என நான்கே பார்வையில் விடை வந்துவிடும்.

சுலபம்தானே? வரலாறு வேறு மாதிரி சொல்கிறது.

எனியாக் கணினியை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் மாக்லி, 1946இல் அமெரிக்காவின் மூர் பள்ளி விரிவுரைகளில் இம்முறையைப் பற்றிப் பேசினார். எண்ணிக்கை 3, 7, 15 என்று இருந்தால் ஒவ்வொரு முறையும் சரியான நடு கிடைக்கும். 12 என்றால் நடு எது? எந்த எண்ணிக்கைக்கும் பொருந்தும் வழிமுறையை டி. எச். லெமர் வெளியிட்டது 1960இல்தான் என்கிறார் கணினி அறிஞர் டொனால்ட் குனூத். இடையில் 14 ஆண்டுகள் ஓடிவிட்டன!

அதோடு முடியவில்லை. ஜாவா மொழியின் நூலகத்தில் இருந்த இருமத் தேடலிலேயே பிழை உண்டு என 2006இல் ஜோஷுவா பிளாக் எழுதினார். அதை எழுதியவரும் அவரே. தொடக்கத்தையும் முடிவையும் கூட்டி 2ஆல் வகுத்தார்கள். பட்டியல் மிகப் பெரிதானால் அந்தக் கூட்டுத்தொகை 2,147,483,647ஐத் தாண்டி எதிர்ம எண்ணாகிவிடும். முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்து, அதில் பாதியைத் தொடக்கத்தோடு கூட்டினால் இந்தச் சிக்கல் வராது.

மாணவர்களே, உங்கள் விடைத்தாளிலும் இதே ஆபத்து உண்டு. மேலே 45ஐத் தேடும்போது, கடைசியில் தொடக்கமும் முடிவும் 9 என்ற ஒரே இடத்தில் வந்து நிற்கும். ‘தொடக்கம் முடிவைவிடச் சிறியதாக இருக்கும்வரை’ என்று மட்டும் நிபந்தனை எழுதினால், அந்த இடத்தைப் பார்க்காமலே நிரல் நின்றுவிடும். இருக்கிற எண்ணை ‘இல்லை’ என்று சொல்லும். ‘சிறியது அல்லது சமம்’ என்று எழுதுங்கள்.

ஆசிரியர்கள் இதை வகுப்பில் செய்து காட்டலாம். முதல் எண், கடைசி எண், அணியில் இல்லாத எண், ஒரே எண் கொண்ட அணி: இந்த நான்கையும் கையால் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் இருக்கும் 27 எல்லாருக்கும் கிடைத்துவிடும். பிழை ஒளிந்திருப்பது ஓரங்களில்தான்.