சித்தூர் ஜில்லாவில் ஃபார்மேட் என்னும் பரிகாரம்

சித்தூர் ஜில்லாவுக்குள் வீட்டுக் கணினி இரண்டு மார்க்கங்களில் வந்து சேர்ந்தது. சென்னை ரிச்சி தெருவிலிருந்து திருத்தணி, நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதிக்கு வந்தது ஒன்று, பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலிருந்து முல்பாகல், பலமனேர் வழியாகச் சித்தூருக்கு இறங்கியது மற்றொன்று. மதர்போர்டு, ஹார்டு டிஸ்க், மானிட்டர் என்று தனித்தனியே வாங்கிவந்து பூட்டி, அசெம்பிள்டு சிஸ்டம் என்ற பெயரில் விற்றவர்களே பெரும்பாலும் திருப்பதி, சித்தூர் ஆகிய இரு ஊர்களின் கணினி வணிகர்களாக இருந்தார்கள். பூட்டித் தந்தவரே பழுது பார்ப்பவராகவும், பழுது பார்ப்பவரே விண்டோஸை ஏற்றித் தருபவராகவும் இருந்தபடியால், வைரஸ் புகுந்த கணினியைச் சுத்தம் செய்தல் என்னும் ஜீவனோபாயம் இங்கே தனித் தொழிலாகப் பிறக்காமல், வியாபாரத்தின் வாலாகவே பிறந்து, பிற்காலத்தில் தலையையே விழுங்கும் அளவுக்கு வளர்ந்தது.

ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் 1959-இலேயே திருப்பதியில் பொறியியல் கல்லூரியைத் தொடங்கிவிட்டது என்றாலும், மத்தியதரக் குடும்பத்தின் கூடத்துக்குள் கணினி நுழைந்தது தொண்ணூறுகளின் பிற்பகுதியில்தான். இந்த ஜில்லாவின் நாராவாரிப்பள்ளியில் பிறந்து அதே பல்கலைக்கழகத்தில் பயின்ற சந்திரபாபு நாயுடு, 1995 முதல் 2004 வரை ஆந்திர முதலமைச்சராக இருந்து, கணினியைத் தம் ஆட்சியின் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டார். ரங்கம்பேட்டையிலும் சித்தூரிலும் தனியார் பொறியியல் கல்லூரிகள் எழுந்தன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வழங்கும் குப்பத்தை 2002-இல் ஹியூலெட் பாக்கார்டு கம்பெனி தன் கிராமக் கணினித் திட்டத்துக்குத் தேர்ந்தெடுத்தது. பிள்ளை படிக்கிறான், சிஸ்டம் இல்லாமல் எப்படி என்று கேட்ட தகப்பனார்களால் ரிச்சி தெருவுக்குப் போகும் பஸ்கள் நிரம்பின. கணினி வந்த அதே பெட்டியில் வியாதியும் வந்தது.

அந்த வியாதியின் பூர்வோத்தரத்தைச் சற்றே பார்த்தால், அதுவும் ஒரு கணினிக் கடையில்தான் தொடங்குகிறது. லாகூரில் கடை வைத்திருந்த பாஸித், அம்ஜத் என்னும் சகோதரர்கள் 1986-இல் பிளாப்பித் தட்டின் முதற்பகுதியில் குடியேறும் ‘பிரெயின்’ என்ற நிரலை எழுதி, தங்கள் கடை விலாசத்தையும் தொலைபேசி எண்ணையும், தடுப்பூசிக்குத் தங்களை அணுகலாம் என்ற வாசகத்தையும் அதனுள்ளேயே பொதிந்து வைத்தார்கள்; பெர்சனல் கம்ப்யூட்டர் இனத்தைத் தொற்றிப் பரவிய முதல் வைரஸ் அதுவே. பரிகாரம் பிறந்ததும் கடையில்தான். புனே நகரில் கால்குலேட்டரும் ரேடியோவும் பழுது பார்த்துவந்த கைலாஷ் கட்கர், தம்மிடம் ரிப்பேருக்கு வந்த கணினிகளில் வைரஸ் மலிந்திருக்கக் கண்டு, தம்பி சஞ்சய் எழுதிய துடைப்பு நிரலைத் தொண்ணூறுகளின் நடுவில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். குவிக் ஹீல் என்று இந்தியக் கடைகளெங்கும் பின்னாளில் தொங்கிய அட்டைப் பெட்டிகளின் வம்சாவளி இது. சித்தூரிலும் திருப்பதியிலும் அப்படி ஒரு நிரல் பிறக்கவில்லை. நம்மவர்கள் கைக்கொண்ட பரிகாரம், டிஸ்க்கை அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றும் ஃபார்மேட்.

பிளாப்பிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கல்லூரி லேப்பிலிருந்து வீட்டுக்கும் வீட்டிலிருந்து லேப்புக்கும் தட்டு போய்வந்ததே அதன் விருத்தாந்தம். 1999 ஏப்ரல் 26-ஆம் தேதி, தைவான் நாட்டு மாணவர் சென் இங்-ஹாவ் எழுதிய சி.ஐ.எச். என்னும் வைரஸ் ஹார்டு டிஸ்க்கின் தலைப்பகுதியை அழித்ததோடு நில்லாமல் மதர்போர்டின் பயாஸ் சில்லையும் பாழாக்கி, ஆசிய நாடுகளில் பெருஞ்சேதம் விளைத்தபோதுதான், மென்பொருள் வியாதி வன்பொருளையும் கொல்லக்கூடும் என்பதைக் கடைக்காரர்கள் கண்டார்கள்.

2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்னும் புழு வந்தது. டயல்-அப் தொடர்பு கிடைத்த சில நிமிஷங்களில் திரையில் ஒரு பெட்டி தோன்றி, அறுபது விநாடியில் கணினி அணைந்துவிடும் என்று எண்ணத் தொடங்கும். சர்வீஸ் ஆள் வருவார். விண்டோஸ் எக்ஸ்பி சி.டி.யைச் செருகுவார், இன்னும் 39 நிமிஷம் என்று திரை காட்டும் அந்தப் பிரசித்தி பெற்ற அவகாசத்தில் வீட்டார் தரும் காபியைக் குடிப்பார், தூய கணினியை ஒப்படைத்துவிட்டுப் போவார். ஆனால் பழைய சி.டி.யிலிருந்து நிறுவிய விண்டோஸுக்குப் புழு நுழைந்த ஓட்டையும் பழையபடியே திறந்திருந்தது. பாதுகாப்பில்லாத கணினி ஒன்று இணையத்தில் சராசரியாக இருபது நிமிஷமே பிழைக்கிறது என்று 2004-இல் அமெரிக்காவின் சான்ஸ் நிறுவனம் கணித்தது. டயல்-அப் வேகத்தில் அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டுகளை இறக்கி முடிக்க அவ்வளவு அவகாசம் போதாது. சர்வீஸ் ஆளின் சைக்கிள் தெருமுனை திரும்புமுன்பே மீண்டும் அறுபது விநாடிப் பெட்டி தோன்றியது என்றால், அதில் அவர் குற்றம் பாதியும் இல்லை.

இந்தத் தொழிலின் பொற்காலம் பென்டிரைவோடு வந்தது. திருப்பதி யாத்திரிகர்களின் ஊர். அறை, சேவை, தரிசனச் சீட்டு ஆகியவை இணையத்துக்கு வந்தபின், நெட் சென்டர்களில் பிரிண்டு எடுக்க வந்தவர்களின் பென்டிரைவ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கணினியில் ஏறி இறங்கின. கல்லூரி லேப்பிலும் ஸ்டூடியோவிலும் ஜெராக்ஸ் கடையிலும் இதே கதை. பென்டிரைவைத் திறந்த மாத்திரத்தில் அதிலுள்ள நிரலைத் தானே இயக்கும் ஆட்டோரன் வசதியை விண்டோஸ் அப்போது அளித்திருந்தபடியால், ஃபோல்டரின் சித்திரத்தைத் தாங்கிய ‘நியூ ஃபோல்டர்’ என்னும் நிரல், உண்மையான ஃபோல்டரை மறைத்துவிட்டுத் தான் அந்த ஸ்தானத்தில் அமர்ந்தது. 2008 நவம்பரில் தோன்றிய கான்ஃபிக்கர் இணையம், பென்டிரைவ் ஆகிய இரு வழிகளையும் கைக்கொண்டது. மைக்ரோசாஃப்ட் 2011 பிப்ரவரியில்தான் எக்ஸ்பி கணினிகளுக்குப் பென்டிரைவ் ஆட்டோரனை நிறுத்தும் அப்டேட்டைப் பரவலாக அனுப்பியது.

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதா என்று ஃபார்மேட்டைப் பழிப்பவர் உண்டு. அந்தப் பழி அநியாயம் என்பது என் அபிப்பிராயம். சாலிட்டி, ராம்நிட் போன்ற வைரஸ்கள் கணினியில் உள்ள நிரல் கோப்புகள் ஒவ்வொன்றிலும் புகுந்து தம்மை ஒட்டவைத்துக்கொள்பவை. அவற்றை ஆன்ட்டிவைரஸ் கொண்டு ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டு, இனி எங்கும் இல்லை என்று சத்தியம் செய்ய எவராலும் இயலாது. முற்றும் அழித்துப் புதிதாக நிறுவுவதே நேர்மையான சிகிச்சை. நம் ஊர்களில் நடந்ததோ பாதி ஃபார்மேட். ஹார்டு டிஸ்க்கைச் சி, டி என்று பிரித்து, விண்டோஸைச் சி-யிலும் பாட்டு, படம், ஆவணங்களை டி-யிலும் வைப்பது வழக்கம். ஃபார்மேட் சி-க்கு மட்டும். புது விண்டோஸ் பளபளவென்று எழுந்து நிற்கும். வீட்டுப் பையன் டி டிரைவின்மேல் இரண்டு தட்டுத் தட்டுவான். அங்கே பதுங்கியிருந்த ஆட்டோரன் கோப்பு விழித்துக்கொள்ளும். கைதேர்ந்த சர்வீஸ்காரர் டி-யை ஒருபோதும் இரட்டைத் தட்டால் திறக்கமாட்டார். வலப்பக்கப் பொத்தானை அமுக்கி எக்ஸ்ப்ளோர் என்பதைத் தேர்ந்தெடுத்து உள்ளே நுழைந்து, மறைந்திருக்கும் கோப்புகளை வெளிப்படுத்தி அழித்த பிறகே எழுவார். இந்தச் சூக்ஷுமம் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் இடையே இருந்த தாரதம்மியத்தை வாடிக்கையாளர் அறியவே முடியாது. இருவரும் வாங்கிய கூலியும் ஏறக்குறைய ஒன்றுதான்.

டி-யில் வைரஸ் தப்பியது போலவே, சி-யில் குடும்பம் அழிந்தது. டெஸ்க்டாப்பிலும் மை டாக்குமென்ட்ஸிலும் வைத்தவை யாவும் சி-யில் இருப்பவை என்பது பெரும்பாலான வீடுகளுக்குத் தெரியாது. திருமலைக்குப் போய்க் குழந்தைக்கு முடியிறக்கி வந்த புகைப்படங்கள், அக்காள் கல்யாணத்து ஆல்பம், மகனின் பிராஜெக்ட் அறிக்கை ஆகியவை “டேட்டா எதுவும் இல்லையே சார்?” என்ற ஒரு கேள்விக்கு அசிரத்தையாகச் சொன்ன “இல்லை” என்ற பதிலில் மறைந்தன.

சர்வீஸ்காரரின் பையையும் மறப்பதற்கில்லை. அதிலிருந்த விண்டோஸ் சி.டி. பெரும்பாலும் திருட்டு நகல். அதோடு வந்த மென்பொருள் பென்டிரைவ் வீடுதோறும் போய்வந்து, வைத்தியரே நோயைச் சுமக்கும்படி செய்தது. இதைவிடப் பெரிய அனர்த்தம் ஒன்று உண்டு. இந்த விண்டோஸ் அசலல்ல என்ற அறிவிப்பு திரையில் வராமலிருக்க, ஏற்றிய கையோடு தானியங்கி அப்டேட்டை அணைத்துவிடுவது தொழில் தர்மமாகவே ஆகிவிட்டது. ஓட்டையை அடைக்க வருபவனை வாசலிலேயே நிறுத்திவிட்டு, ஓட்டை வழியே வருபவனை மாதந்தோறும் கூலி கொடுத்துத் துரத்தினோம்.

சர்க்கார் இவ்விஷயத்தில் நேரடியாகக் கைகொடுத்தது 2017 பிப்ரவரி 21-ஆம் தேதிதான். அன்று தொடங்கப்பட்ட சைபர் ஸ்வச்சதா கேந்திரம் வீட்டுக் கணினிகளுக்கு இலவசத் துடைப்பு நிரல்களை வழங்கலாயிற்று. மூன்று மாதம் ஆகவில்லை. மே 12-ஆம் தேதி வானாக்ரை என்னும் புழு சுமார் 150 நாடுகளில் பரவி, கோப்புகளைப் பூட்டி, திறப்பதற்கு 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்டது. ஆந்திரப் போலீசின் 18 அலகுகளில் கணினிகள் பாதிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டபோது, அவை இருந்த ஜில்லாக்களின் வரிசையில் கிருஷ்ணா, குண்டூர், விசாகப்பட்டினம், ஸ்ரீகாகுளத்தோடு சித்தூரும் இருந்தது. தேவஸ்தான அலுவலகக் கணினிகள் சிலவும் தப்பவில்லை என்று செய்தி வந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. எக்ஸ்பிதான் காரணம் என்று உடனே எல்லோரும் சொன்னார்கள். பின்னர் ஆராய்ந்ததில் மிகப்பெரும்பாலானவை அப்டேட் செய்யப்படாத விண்டோஸ் 7 கணினிகள் என்று தெரியவந்தது.

அந்த வாரத்தில் நிகழ்ந்த மற்றொரு சங்கதி இத்தொழிலைச் செய்வோர் அறிந்திருக்க வேண்டியது. பூட்டிய சாவியின் மூலமான பகா எண்கள் கணினியின் நினைவகத்தில் சிறிது காலம் தங்கியிருப்பதைப் பிரெஞ்சு நாட்டு ஏட்ரியன் கினேயும் பெஞ்சமின் டெல்பியும் கண்டுபிடித்து, அவற்றைத் தேடியெடுத்துக் கோப்புகளைத் திறக்கும் கருவிகளை வெளியிட்டார்கள். முக்கிய நிபந்தனை: கணினியை அதற்குள் அணைத்திருக்கக் கூடாது. எந்த நோய்க்கும் முதற்சிகிச்சையாக “ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கள்” என்று சொல்லிப் பழகிய ஒரு தொழிலுக்கு இதைவிடக் கடுமையான பரீட்சை வந்திருக்க முடியாது.

2018-க்குப் பிறகு திருட்டு மென்பொருள்களின் கிராக் கோப்புகளோடு பரவிய ஸ்டாப் என்னும் பூட்டு வைரஸ் வீட்டுக் கணினிகளையே குறிவைத்தது. பூட்டுண்ட புகைப்படங்களை ஃபார்மேட் மீட்டுத் தராது. கணினியை மட்டுமே மீட்டுத் தரும். கைபேசி வந்து வீட்டுக் கணினி அருகியதும், விண்டோஸே தன்னைத் தான் மறுநிர்மாணம் செய்துகொள்ளும் வசதியைப் பெற்றதும் சேர்ந்து இத்தொழிலின் வருமானத்தைக் குறைத்துவிட்டன. இந்தக் கதையின் பெரும்பகுதி நடந்தபோது சித்தூரும் திருப்பதியும் ஒரே ஜில்லா; 2022 ஏப்ரல் 4-ஆம் தேதி திருப்பதி தனி ஜில்லாவானது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. எக்ஸ்பிக்கு 2014-இல் நேர்ந்தது அதற்கும் நேர்ந்திருக்கிறது. உங்கள் வீட்டில் அது இன்னும் ஓடுகிறது என்றால், புதிய விண்டோஸ் ஏற்றச் சர்வீஸ் ஆளைக் கூப்பிடுவதற்கு முன்பு புகைப்படங்களை ஒரு தனி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்துக் கழற்றி வையுங்கள். வந்தவரிடம் சி-யையும் டி-யையும் சேர்த்தே அழிக்கச் சொல்லுங்கள். அப்டேட்டை அவர் அணைத்துவிட்டுப் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.