அளவைக் கருவிக்கு நுட்பம் சேர்த்த அட்டல்லா



அளவையிலும் நிறுவையிலும் நேர்மை தவறாதிருத்தல் நம் மார்க்கம் வலியுறுத்தும் கடமையாகும். கடைத் தராசுக்கு மட்டுமன்று, அறிவியல் கூடத்து அளவைக் கருவிக்கும் அது பொருந்தும். அத்தகைய கருவிகளின் வளர்ச்சிக்குத் துணைநின்ற எகிப்தியப் பொறியாளர் ஒருவரை இவ்வாண்டு மலரில் நினைவுகூர்கிறோம்.

முஹம்மது அட்டல்லா 1924ஆம் ஆண்டு, சூயஸ் கால்வாயின் வடமுனையிலுள்ள போர்ட் சயீத் நகரில் பிறந்தார். நம்மிடையே அதாவுல்லா என வழங்கும் பெயரே அமெரிக்காவில் அட்டல்லா ஆயிற்று. கெய்ரோவில் பட்டம் பெற்றபின் அமெரிக்கா சென்று, பர்டியூ பல்கலைக்கழகத்தில் 1949இல் முனைவரானார். கற்றது இயந்திரப் பொறியியல். புகழ் பெற்றதோ மின்னணுவியலில்.

பெல் ஆய்வுக்கூடத்தில் அவர் எடுத்துக்கொண்ட சிக்கல் சிலிக்கனின் மேற்பரப்பு பற்றியது. அங்கே எலக்ட்ரான்கள் சிக்கிக்கொள்வதால் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த இயலவில்லை. தூய சிலிக்கனைச் சூடாக்கி, அதன்மேல் மெல்லிய ஆக்சைடு படலத்தை வளர்த்து அக்குறையைக் களைந்தார். அதன் பயனாக, கொரியாவிலிருந்து குடியேறிய தாவோன் காங் என்பாருடன் இணைந்து அவர் உருவாக்கிய மாஸ் டிரான்சிஸ்டர் 1960இல் அறிவிக்கப்பட்டது. வேகம் குறைந்தது எனக் கருதி, அந்நிறுவனம் அதனை அப்போது பெரிதாக மதிக்கவில்லை. இன்றைய கணினிச் சில்லுகளுக்கு அடிப்படை அதுவே!

மனம் தளராத அட்டல்லா, 1960களின் தொடக்கத்தில் ஹியூலெட் பேக்கர்டு நிறுவனத்தின் பக்கம் சென்றார். 1939இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனம் மின்னணு அளவைக் கருவிகளால் பெயர் பெற்றது. அளக்கும் கருவி, அளக்கப்படுவதைவிட நுட்பமாக இருத்தல் வேண்டும். இல்லையேல் கருவியின் பிழையே விடையாகிவிடும். அதிவேக மின்னலைகளை அளப்பதற்கு ஏற்ற உறுப்புகளைத் தாமே ஆக்கிக்கொள்ளும் தேவை இதனால் எழுந்தது. அதற்கென அமைந்த எச்.பி. அசோசியேட்ஸ் நிறுவனத்தை உருவாக்கியதில் அட்டல்லாவுக்குப் பெரும்பங்கு உண்டு. விரைந்து இயங்கும் டையோடுகள் அங்கே ஆராயப்பட்டன. 1966இல் எச்.பி. ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டபோதும் அவர் துணைநின்றார்.

பின்னர், 1970களின் தொடக்கத்தில், வங்கி அட்டையின் இரகசிய எண்ணைக் காக்கும் கருவிக்கென்று சொந்த நிறுவனம் கண்டார். கைமாறிக் கைமாறி 2002இல் அந்நிறுவனமும் எச்.பி.யிடமே வந்து சேர்ந்தது வியப்புக்குரியது. 2009இல், அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் அவையில் இடம்பெற்ற அதே ஆண்டில், அவர் மறைந்தார். டிரான்சிஸ்டர் பிறந்து அப்போது ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஒரு பட்டத்தோடு கல்வி முடிந்துவிடுவதில்லை. உடனே பாராட்டப்படாத உழைப்பு வீணாவதும் இல்லை. இவ்விரண்டையும் நம் இளைஞர்கள் மனத்தில் இருத்துதல் நலம். வல்ல அல்லாஹ் நம் மக்களுக்குப் பயனுள்ள கல்வியை அருள்வானாக! ஆமீன்.