சோழவரம் முதல் இருங்காட்டுக்கோட்டை வரை: பந்தயக் கார்களில் கிளட்ச் இடைவெளி

கிளட்ச் ரிலீஸ் பேரிங் இடைவெளி என்பது, பெடலை மிதிக்காத நிலையில் ரிலீஸ் பேரிங்குக்கும் அது தள்ள வேண்டிய பிரஷர் பிளேட் விரல்களுக்கும் நடுவே விடப்படும் சிறு வெளியாகும். கம்பி அல்லது கேபிளால் இயங்கிய பழைய கார்களில் இது பொதுவாக 2 மி.மீ. அளவில் இருந்தது. ஓட்டுநரின் காலுக்கு இதுவே பெடலில் 20 முதல் 25 மி.மீ. வரையிலான 'ஃப்ரீ பிளே'யாகத் தெரியும்.

கிளட்ச் பிளேட் தேயத் தேய இந்த இடைவெளி கூடும் என்றே பலரும் எண்ணுவர். நடப்பது நேர்மாறு. லைனிங் தேயும்போது பிரஷர் பிளேட் ஃப்ளைவீல் பக்கம் நகர்கிறது. விரல்கள் நெம்புகோல் போன்றவை என்பதால் அவற்றின் உள்முனைகள் பேரிங்கை நோக்கி வருகின்றன. இடைவெளி முற்றிலும் மறைந்துவிட்டால், கால் வைக்காமலேயே பெடல் சற்று மிதிபட்ட நிலைதான். கிளட்ச் வழுக்கும், சூடேறும், லைனிங் கருகும். சூட்டில் தேய்மானம் இன்னும் விரைவதால் கேடு தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது. இடைவெளி மிகுந்தாலோ கிளட்ச் முழுதும் விடுபடாமல் கியர் மாற்றும்போது கரகரக்கும்.

சாலையில் மெதுவாகத் தலைகாட்டும் இக்கோளாறு பந்தயத்தில் சில சுற்றுகளிலேயே வெளிப்படும். மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தொடங்கப்பட்டது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையே அதன் பந்தயக் களமாயிற்று. இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவிய அக்காலத்தில் பந்தயத்துக்கென்றே கட்டிய கார்கள் அரிது. ஃபியட், அம்பாசடர், வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற சாலைக் கார்களின் எஞ்சினைத் திருத்தி வலுவேற்றி ஓட்டுவதே பெரும்பாலும் வழி.

எஞ்சின் வலு கூடினால் கிளட்ச் ஸ்பிரிங்கின் அழுத்தமும் கூட வேண்டும். அழுத்தம் கூடினால் பெடல் முதல் ஃபோர்க் வரையுள்ள கம்பிகளும் கேபிளும் வளைந்து நீண்டு, மிதித்த தூரத்தில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். அதை ஈடுகட்ட இடைவெளியைக் குறைக்கலாம். ஆனால் சூட்டில் பாகங்கள் விரியும்போது அந்தக் குறைந்த இடைவெளியும் போய்விடக்கூடும். லாக் நட்டைத் தளர்த்தித் திருகும் மெக்கானிக் இந்த இரண்டுக்கும் நடுவேதான் அளவைத் தேட வேண்டியிருந்தது. மூன்று விரல்களைக் கொண்ட பழைய வகையில் அவை ஒரே உயரத்தில் நிற்பதும் அவசியம். இல்லையேல் கார் புறப்படும்போது அதிரும்.

பின்னர் களம் காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு மாறியது. பட்டுத்தறிகளுக்குப் பெயர்பெற்ற பிள்ளையார்பாளையம் இருக்கும் அதே மாவட்டத்தில், திருப்பெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில், 1990இல் நிரந்தரப் பந்தயத்தடம் திறக்கப்பட்டது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவர்தன் மாருதி 800 எஞ்சினைக் கொண்டு குறைந்த செலவில் உருவாக்கிய ஃபார்முலா மாருதி, ஒற்றை இருக்கைப் பந்தயத்தை இளைஞர்களின் கைக்கெட்டும் தொலைவுக்குக் கொண்டுவந்தது. 2005இல் ஃபார்முலா 1இல் ஓட்டிய முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயன் தொடங்கியதும் இவ்வகைக் காரில்தான். மாருதி 800இன் கிளட்ச் கேபிள் வகை. கேபிள் முனையிலுள்ள நட்டைத் திருகினாலே ஃப்ரீ பிளேயைச் சரிசெய்துவிடலாம். பெரிய பட்டறை தேவையில்லை.

ஹைட்ராலிக் கிளட்ச் பரவியபின் சாலைக் கார்களில் இவ்வேலை பெரிதும் மறைந்தது. அவற்றுள் பலவற்றில் பேரிங் விரல்களை எப்போதும் மெல்லத் தொட்டபடியே சுழலும். லைனிங் தேய்ந்து விரல்கள் வெளியே வர, திரவம் பின்வாங்கி இடம் விடும். வேகக் கார்களில் மட்டும் கணக்கு வேறு வடிவில் தொடர்கிறது. கியர்பாக்ஸ் தண்டைச் சுற்றியே ஸ்லேவ் சிலிண்டரும் பேரிங்கும் அமையும் வகையில், பிஸ்டன் முழுதும் உள்ளே தள்ளப்பட்ட நிலையில் விரல்களுக்கு முன் சில மி.மீ. வெளி இருக்க வேண்டும். இல்லாவிடில் தேய்ந்த கிளட்ச் பின்வர இடமிராது. இரண்டு, மூன்று பிளேட்டுகள் உள்ள பந்தயக் கிளட்சில் ஒவ்வொன்றின் தேய்மானமும் கூடி விரல்முனையில் பன்மடங்காகத் தெரியும். பேரிங் அளவுக்கு மீறித் தள்ளினால் டயஃப்ரம் ஸ்பிரிங் கெடும் என்பதால் பெடலுக்கு ஒரு தடுப்பும் வைக்கப்படுகிறது. கியர்பாக்ஸை எஞ்சினோடு பொருத்துமுன்பே இரு பக்க ஆழத்தையும் அளந்து, குறைகிற இடத்தில் மெல்லிய ஷிம் வளையம் சேர்ப்பர். பொருத்தியபின் வெளியிலிருந்து திருக நட்டு ஏதும் இல்லை. அளவு தவறினால் கியர்பாக்ஸை மீண்டும் இறக்கியாக வேண்டும்.