எரிசக்திப் பொருளாதார நிபுணர்: நம் பிள்ளைகளுக்கு அதிகம் தெரியாத ஒரு வேலை

2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற கச்சா எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆண்டு சவூதியில் கட்டுமான நிறுவனங்கள் சம்பளம் தர முடியாமல் திணறின. நம்மவர்கள் பலர் ஊர் திரும்பினார்கள். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், அறந்தாங்கி பக்கத்துக் குடும்பங்களுக்கு இதை நாம் விளக்கத் தேவையில்லை. அந்த விலை ஏன் ஏறுகிறது, எப்போது இறங்கும், யாருக்கு எவ்வளவு நட்டம் என்று கணக்கிடுவதே ஒரு தொழில். அதைச் செய்பவர்தான் எரிசக்திப் பொருளாதார நிபுணர்.

இவர்களில் பலர் ஆலோசனை நிறுவனங்களில் இருக்கிறார்கள். மின்வாரியம், வங்கி, சூரிய மின் நிறுவனம், அரசுத்துறை ஆகியவைதான் வாடிக்கையாளர்கள். சூரிய மின் நிலையத்துக்குக் கடன் கொடுக்கும் வங்கி, 25 ஆண்டுகளுக்கு அந்த மின்சாரம் என்ன விலைக்குப் போகும் என்று கேட்கும். நாட்டின் மின்சாரச் சந்தையில் 15 நிமிடத்துக்கு ஒரு விலை. ஒரு நாளைக்கு 96 விலைகள். புதிதாகச் சேர்பவரின் முதல் ஓரிரண்டு ஆண்டுகள் இவற்றைத் திரட்டி, எக்செல், பைத்தானில் சரிபார்ப்பதிலேயே போகும். சலிப்பான வேலைதான். பிறகே அறிக்கை எழுதுவது, வாடிக்கையாளரிடம் நேரில் பேசுவது, மேலாளர் பொறுப்பு எல்லாம்.

நம் மாவட்டத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. 2017 பிப்ரவரியில் நெடுவாசல் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் தந்தது, விவசாயிகள் எழுந்தார்கள். 2020-இல் வந்த வேளாண் மண்டலச் சட்டத்தில் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஒன்றியங்கள் சேர்க்கப்பட்டன. எரிவாயுவின் மதிப்பு எவ்வளவு, நிலத்தடி நீர் கெட்டால் தலைமுறைக்கும் இழப்பு எவ்வளவு என்று கணக்கோடு பேச ஊர்ப்பிள்ளை ஒருவர் இருந்தால் அந்தப் பேச்சின் கனமே வேறு.

படிப்புக்கு வருவோம். பிளஸ் 2-வில் கணிதத்தை விட்டுவிடக் கூடாது. பலர் தவறுவது இங்கேதான். புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் பி.ஏ. பொருளியல் படிக்கலாம். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்திலும் பொருளியல் துறை உண்டு. அதற்கு க்யூட் நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். முதுகலைக்கு மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், டெல்லியின் டெரி நிறுவனம் ஆகியவை பெயர் பெற்றவை. மின் பொறியியல் முடித்தவர்களும் இத்துறைக்கு வருகிறார்கள். மின் கட்டமைப்பு தெரிந்திருப்பது அவர்களுக்குப் பலம். பெரும்பாலும் அலுவலக வேலை என்பதால் பெண் பிள்ளைகளின் பெற்றோரும் யோசிக்கலாம்.

பட்டப்படிப்பின் போதே தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண உத்தரவு ஒன்றை எடுத்து, மாணவர் முழுதாகப் படித்துப் பார்க்கட்டும். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதிலுள்ள அட்டவணைகள் அலுக்கவில்லை என்றால் தாராளமாக இந்தப் பக்கம் வரலாம்.