எலிக்கு ஒரு கணக்குப்பிள்ளை

திரையில் ஒரு படத்தைச் சுட்டி மவுஸின் பொத்தானை அழுத்துகிறீர்கள். உடனே அது திறந்துகொள்கிறது. இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். ஆனால் 1980-களில் டாஸ் கணிப்பொறிகளுக்கு வரைபட நிரல் எழுதியவர்களுக்கு இது எளிதில் கைகூடவில்லை.

அமெரிக்காவின் ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் டக்ளஸ் எங்கெல்பார்ட் என்பவரின் எண்ணத்தில் உதித்தது மவுஸ். 1964-இல் பில் இங்கிலீஷ் அதை ஒரு மரப்பெட்டியாகச் செய்து கொடுத்தார். ஆயினும் 1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட பெர்சனல் கம்ப்யூட்டரில் மவுஸ் கிடையாது. அதற்கான டாஸ் விசைப்பலகையை அறியும், மவுஸை அறியாது. எனவே 1983-இல் மைக்ரோசாப்ட் மவுஸை விற்கத் தொடங்கியபோது, 'டிரைவர்' என்னும் சிறிய நிரலும் தேவைப்பட்டது. இதை நாம் எலியின் கணக்குப்பிள்ளை எனலாம்.

கணக்குப்பிள்ளை எதற்கு? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். நிரல் படம் வரைவதில் மூழ்கியிருக்கிறது. அரை விநாடிக்கு ஒரு முறைதான் மவுஸைப் பார்க்கிறது. நீங்கள் பொத்தானை அழுத்தி விடுவதற்கு பத்தில் ஒரு விநாடி ஆகிறது என்று கொள்வோம். அப்படியானால் சராசரியாக ஐந்து அழுத்தங்களில் நான்கு நிரலின் கண்ணில் படாமலே போய்விடும்!

டிரைவர் வேலை செய்யும் முறையே வேறு. மவுஸ் அசைந்தாலும் பொத்தான் அழுந்தினாலும் மூன்று பைட்டுகள் கொண்ட செய்தி கம்பி வழியே வரும். ஒவ்வொரு பைட்டும் வந்தவுடன் கணிப்பொறி தன் வேலையை ஒரு கணம் நிறுத்தி டிரைவரை அழைக்கும். இதற்குக் 'குறுக்கீடு' என்று பெயர். முதல் பைட்டில் மட்டும் ஓர் அடையாளப் பிட் உண்டு. இடையில் ஒரு பைட்டு தவறினாலும், அடுத்த செய்தியின் தலைப்பைக் கண்டுபிடித்து டிரைவர் நேராகிவிடும்.

நிரல் டிரைவரிடம் பேசுவதற்கு ஏற்பட்ட வாயில் 51-ஆம் குறுக்கீடு. பதினாறடி எண் முறையில் இது 33. அங்கே 3-ஆம் பணியைக் கேட்டால், இந்தக் கணத்தின் நிலை மட்டும் தெரியும். 5-ஆம் பணியைக் கேட்டால், முன்பு கேட்டதிலிருந்து பொத்தான் எத்தனை முறை அழுந்தியது, கடைசியாக எந்த இடத்தில் அழுந்தியது என்பவை கிடைக்கும். நிரல் தாமதமாக வந்தாலும் கணக்கு தவறாது.

இன்னொரு தொல்லையும் இருந்தது. அம்புக்குறியை வரையுமுன் அதன் அடியிலுள்ள புள்ளிகளை டிரைவர் எடுத்து வைத்துக்கொள்ளும். அம்பு நகர்ந்ததும் அவற்றைத் திரும்ப வைக்கும். இடையில் நிரல் அவ்விடத்தில் ஒரு கோடு வரைந்திருந்தால், பழைய புள்ளிகள் அதன்மேல் வந்து கோட்டில் ஓட்டை விழும். ஆகவே 2-ஆம் பணியால் அம்பை மறைத்து, படம் வரைந்து, 1-ஆம் பணியால் மீண்டும் காட்ட வேண்டும். இதற்கும் கணக்கு உண்டு: இருமுறை மறைத்தால் இருமுறை காட்டினால்தான் அம்பு தோன்றும். இதை மறந்தவர்கள் அம்பைக் காணாமல் திகைத்தனர்.

பழைய டாஸ் நிரல்களை இன்றைய கணிப்பொறிகளில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் இதே வாயிலைப் போலியாக அமைத்துத் தருகிறது. ஆய்வுக்கூடத்திலும் இப்பாடம் பொருந்தும்: விரைந்து மறையும் நிகழ்ச்சியை அவ்வப்போது எட்டிப் பார்த்து எண்ண முடியாது, நிகழும்போதே எண்ணி வைக்கும் கருவி ஒன்று வேண்டும்.