கேமரன் மலையும் நிலப்படமும்

ஒரு நிலத்தைக் காண்பது வேறு. அதனை நிலப்படத்தில் நிலைநிறுத்துவது வேறு. கேமரன் மலையின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1885 ஆம் ஆண்டில் அரசாங்க நில அளவையாளர் வில்லியம் கேமரன், பேராக்–பகாங் எல்லைப் பகுதியைப் படம் வரையச் சென்றார். மலைகள் சூழ்ந்த மென்சரிவான மேட்டுநிலம் ஒன்றைக் கண்டதாக அறிவித்தார். ஆயினும் அதன் இருப்பிடம் படத்தில் திட்டமாகக் குறிக்கப்படவில்லை. மறு ஆண்டே அவர் மறைந்தார்.

இருப்பிடத்தைக் குறிப்பது எங்ஙனம்? ஓர் அடிக்கோட்டின் நீளமும், அதன் இரு முனைகளிலிருந்து சிகரம் காட்டும் கோணங்களும் தெரிந்தால், சிகரத்தின் இடம் கணக்கால் கிடைத்துவிடும். 1802 இல் சென்னைப் பரங்கிமலையருகே லாம்டன் தொடங்கிய பேரளவை இம்முறையில் நடந்ததே. அடர்காட்டிலோ மரமும் மேகமும் பார்வையை மறைத்துவிடும்.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழிந்தன. 1925 இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் அங்குச் சென்று பார்த்த பின்னரே மலைவாசத் தலம் அமைக்கும் முயற்சி வலுப்பெற்றது. 1929 இல் போ தேயிலைத் தோட்டம் தோன்றியது.

படம் வெறுமையாக விட்ட அவ்விடம் ஆளற்ற இடமன்று. செமாய்ப் பூர்வகுடியினர் அதன் ஆறுகளையும் தடங்களையும் அறிந்து வாழ்ந்தனர். பின்னர்த் தேயிலைச் சரிவுகளில் உழைத்தோருள் தமிழர் பலர். மலைக்கு அமைந்ததோ அளவையாளர் பெயர். “கேமரன் கண்டுபிடித்தார்” என்று பாடம் சொல்லும்போது, படத்தில் பெயர் பெறாத இவர்களையும் சேர்த்துச் சொல்லுதல் ஆசிரியர் கடனாகும்.